இரண்டு அம்மாக்கள் வாசித்த மங்கா

மங்கா என்கிற ஜப்பானியப் படக்கதைப் புத்தகத்தின் தாளுக்கென்று ஒரு மணம் உண்டு. பழைய நியூஸ்பேப்பர் கட்டைப் பிரித்தால் வருமே, லேசாகப் புளித்த மாதிரி... 2011இல் என் ஸ்கூல் பேக் முழுக்க அந்த மணம்தான்.

அப்போது மெல்பர்னில், ரோவிலில் இருந்தோம். எனக்குப் பதினாறு வயது. புத்தகங்கள் என்னுடையவை அல்ல, ஷிஃபா வீட்டினுடையவை. ஷிஃபா என் வகுப்புத்தான், பக்கத்துத் தெரு. அவர்கள் கொழும்பு முஸ்லிம்கள், நாங்கள் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். அவளுடைய அண்ணன் வாங்கி அடுக்கிய மங்காக்கள் ஒரு சுவரையே மறைத்திருந்தன. ஒவ்வொன்றாக எனக்கு வரும்.

அதில் ஒரு தொடர் என்றால் எனக்கு உயிர். அங்கி போட்ட இளம் பாதிரியார் செபமாலையைச் சாட்டை போலச் சுழற்றிப் பேய் விரட்டுவார். வாளுக்குப் பதில் சிலுவை. வானதூதருக்குக் கறுத்த சிறகு. ஜப்பானில் கிறிஸ்தவர்கள் கொஞ்சம் பேர்தானே... அவர்களுக்கு இதெல்லாம் தூரத்து ஊர்ச் சாமான், பார்க்க வடிவாக இருக்கிறது, எடுத்துப் படமாகக் கீறுகிறார்கள். ஞாயிறு பூசையில் கொட்டாவி விட்டபடி நான் பார்த்த அதே சாமான்கள் அங்கே மின்னின. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அம்மாவுக்கு அப்படி இருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை ட்யூஷன் முடிந்து வருகிறேன், குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் அந்தப் புத்தகத்தோடு அம்மா. முகம் சரியில்லை. சிலுவைக்கு முன்னால் முழந்தாளில் நின்ற ஒருவன், போகப்போகக் கொம்பு முளைத்து, சுவாமியை, அதாவது பாதிரியாரை, கொன்று, கடைசியில் ஊரையே கொல்கிறானாம்.

"கோயிலுக்கு வந்தவன் பேயாப் போறான் எண்டு ஒரு கதை... உந்தப் புத்தகத்தை அவையள் ஏன் உனக்குத் தந்தவை?"

'அவையள்' என்றது ஷிஃபா வீட்டாரை. அம்மாவின் கோபம் ஜப்பானைத் தாண்டி ஷிஃபா வீட்டுக்குப் போய்விட்டது. எங்கள் யேசுவைப் பகிடி பண்ணிச் சிரிக்கும் புத்தகத்தை அவர்கள் தெரிந்தே தந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். இனி அந்த வீட்டுப் பக்கமே போகக் கூடாது என்றார். எனக்கிருந்த ஒரே சிநேகிதி அவள்.

அம்மா சொன்ன மாதிரிக் கதையே அதில் இல்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாய் திறப்பதற்குள் அம்மா செருப்பைப் போட்டுவிட்டார், புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க. பின்னாலேயே ஓடினேன்.

கதவைத் திறந்தது ஷிஃபாவின் அம்மா, ரிஸ்வானா அன்ரி. அம்மா உட்காராமலே விஷயத்தைச் சொல்லிப் புத்தகத்தை நீட்டினார். அன்ரியும் மங்கா வாசிக்கிற ஆள் இல்லை. ஆனால் வாங்கிய கையோடு, நாங்கள் பின்னட்டை என்று நினைக்கும் பக்கத்தால் திறந்தார். நாலு பக்கம் புரட்டினார். சிரித்துவிட்டார்.

"இது நாங்க ஓதுற கிதாபு மாதிரி, வலதுல இருந்து இடதுக்குப் போகுது. நீங்க முடிவுல இருந்து பாத்திருக்கீங்க."

தப்பான பக்கத்தால் திறப்பவர்களுக்கென்றே அம்மா திறந்த பக்கத்தில் ஓர் எச்சரிக்கை அச்சாகியிருந்தது. கோபத்தில் அம்மா அதைத் தாண்டிப் போயிருக்கிறார்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. இருவரும் மேசையில் உட்கார்ந்து முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்கள். எந்தக் கட்டத்துக்குப் பிறகு எது என்று அன்ரி விரல் வைத்துக் காட்ட, பாவசங்கீர்த்தனம் என்றால் என்ன, நற்கருணை என்றால் என்ன என்று அம்மா விளக்க... ஊரைக் கொன்ற பேய் சுவாமியையும் குத்துகிறது. அது தன் பாவங்களைச் சொல்ல, சாகும் சுவாமி பாவசங்கீர்த்தனம் கேட்கிறார். கொம்பு உதிர்ந்து அது சிலுவைக்கு முன்னால் முழந்தாளிடுகிறது. அம்மா தலையாட்டினார்.

அன்ரிக்கும் புத்தகம் பிடிக்கவில்லை என்பது தனிக்கதை. யேசுவின் முகம் வந்த பக்கத்தில் அவர் கண்ணைத் திருப்பிக்கொண்டார். யேசு தங்களுக்கு ஈசா நபி, அவரைப் படமாகக் கீறுவதே தங்களுக்குக் கூடாது என்றார். பகிடி பண்ணத் தந்த புத்தகமில்லை என்று அப்போதுதான் அம்மாவுக்கு உறைத்தது. அன்ரி கொண்டுவந்து வைத்த தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார். எனக்கு உயிர் வந்தது.

நடுவில் ஒரு பெரிய படம், இரண்டு பக்கம் சேர்த்து. அடைக்கலம் தேடி வந்த சனத்தின் மேல் கோயில் இடிந்து விழுகிறது. வர்ணக் கண்ணாடிகள் பூ உதிர்கிற மாதிரி உதிர்கின்றன. எனக்கு மிகப் பிடித்த படம் அதுதான். எவ்வளவு வடிவு பாருங்கோ அம்மா என்றேன்.

அம்மா பக்கத்தைப் புரட்டவில்லை.

"இதைக் கீறினவன் கோயில் இடியேக்க உள்ளுக்கு இருக்கேல்லை. நான் இருந்தனான். கண்ணாடி இப்பிடி வடிவா விழுறேல்லை."

நான் கைக்குழந்தையாக இருந்தபோது, போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்தில் கோயில் மேல் குண்டு விழுந்ததைத்தான் சொன்னார். அப்பா எப்போதோ அரைகுறையாகச் சொல்லியிருக்கிறார். அம்மா வாயால் கேட்டது அன்றுதான். அன்ரி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பி நடக்கும்போது அம்மா புத்தகத்தை என்னிடமே தந்தார்.

"வாசி. அவையின்ர வீட்டையும் போ. அந்தப் படத்தை மட்டும் என்னட்டக் காட்டாதை."

இப்போது அன்ரி டார்னெய்ட்டில், அம்மா இன்னும் ரோவிலில். மெல்பர்னின் இரண்டு அந்தம். போனில்தான் பேச்சு. நான் இன்றைக்கும் மங்கா பக்கம்தான், அதில் மாற்றமில்லை. யார் எதை வேண்டுமானாலும் கீறலாம், கற்பனைக்கு வேலி போடக் கூடாது. ஆனால் இப்போது ஒரு ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துவிட்டே அவமதிப்பு என்று குதிக்கிறார்கள், மறுபக்கம் வெறும் கதைதானே என்று நக்கலடிக்கிறார்கள்... பிடிக்காத புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை சேர்ந்து வாசித்த அந்த இரண்டு பேரை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

போன வாரம் ஒரு மங்கா குரூப்பில் யாரோ அதே மாதிரி ஒரு படம் போட்டிருந்தார்கள். இடியும் கோயில், பறக்கும் கண்ணாடி. கீழே வரிசையாக 'பியூட்டிஃபுல்' 'பியூட்டிஃபுல்' என்று கமெண்ட்.

ஓவியம் அருமைதான். கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்... லைக் போடக் கை வரவில்லை.