சுவிட்சுக்குப் போட்ட பூட்டு

காதருகே வந்த கொசு அங்கேயே நின்றுவிட்டது போன்ற ஒரு ரீங்காரம் மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வீட்டுத் தோட்டத்திலிருந்து இரவும் பகலும் கேட்டுக்கொண்டிருந்தது. என் மகள் அமலாவுக்கு அப்போது ஒன்பது வயது. இது அவளுடைய சிறுவயதைப் பற்றியும் அதில் நான் செய்ததைப் பற்றியும்.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. அவள் கேட்டதற்காகத் தோட்டத்தில் ஒரு சிறு தொட்டி கட்டினேன். அவள் அதை "மீன் வீடு" என்பாள். பன்னிரண்டு தங்கமீன்கள் வாங்கினோம். வண்ணமீன் கடைக்காரர் தெலுங்கு பேசும் மனிதர். எந்த மோட்டார் வைப்பது என்று அவரிடம் கேட்டேன்.

"சின்னது போதும் சார். கோல்டு பிஷ்ஷுக்கு உருண்ட ஒடம்பு, வேகத்துக்கு ஈடு குடுக்காது. பில்டர வேணா பெருசா வைங்க."

"தண்ணி கலங்கிருமேய்யா."

"கலங்குனா மீனு கோச்சுக்காது சார். நீங்கதான் கோச்சுக்குவீங்க."

நான் ஆலையில் பராமரிப்புப் பிரிவில் இருந்தவன். இயந்திரங்களைக் குளிர்விக்கும் திரவம் தெளிவாக ஓடினால் எல்லாம் சரி என்று பழகிய கண் எனக்கு. அவர் சொன்னதைவிட நான்கு மடங்கு வேகமுள்ள மோட்டாரை வாங்கி, நீல டிரம்மில் பஞ்சும் ஜல்லியும் கரியும் அடுக்கி வடிகட்டி செய்தேன்.

தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிந்தது. மீன்கள் காற்றில் தொங்குவது போலிருந்தன. பன்னிரண்டும் தண்ணீர் பாயும் குழாய்வாயைப் பார்த்தபடி, வாலை அடித்துக்கொண்டே, ஓர் அங்குலமும் முன்னேறாமல் நின்றன. "மிலிட்டரி பரேடு மாதிரி நிக்குதே" என்று வந்தவர்கள் வியந்தார்கள். அமலா மட்டும் வெகுநேரம் பார்த்துவிட்டு, "நிக்கலப்பா, ஓடுதுக" என்றாள்.

மின்சாரம் போகும்போதெல்லாம் அவை ஒரேயடியாக அடியில் இறங்கிக் கிடக்கும். முதல்முறை செத்துவிட்டன என்றே நினைத்தேன். "தூங்குதுக" என்றாள் அமலா. மின்சாரம் வந்ததும் பன்னிரண்டும் ஒன்றாக எழுந்து, அதே திசைக்குத் திரும்பின. அதைப் பார்த்தும் நான் மோட்டாரை மாற்றவில்லை.

பிறகு பள்ளிவிட்டு வந்ததும் அவளே மோட்டாரை அணைக்கத் தொடங்கினாள். தண்ணீர் பச்சை பூத்தபோது கண்டுபிடித்தேன்.

எங்கள் ஆலையில் ஒரு விதி உண்டு. இயந்திரத்துக்குள் கை வைப்பவர் முதலில் சுவிட்சை அணைத்துப் பூட்ட வேண்டும். உள்ளே ஆள் இருக்கையில் வேறு யாரும் அதைப் போட்டுவிடக் கூடாது. அந்த விதியைப் பலருக்குச் சொல்லிக்கொடுத்த நான், அதே சிவப்புப் பூட்டைக் கொண்டுவந்து, ஓடும் மோட்டாரை யாரும் அணைக்க முடியாதபடி சுவிட்சுப் பெட்டியைப் பூட்டினேன்.

"ஒரு மணி நேரம் மட்டும்ப்பா" என்று கெஞ்சினாள். சாவி என் சட்டைப்பையில் இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் ஒரு மீன், வால்பக்கமாக மோட்டார் தண்ணீர் இழுக்கும் வாயின் வலையில் உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கிடந்தது. உடலில் காயமில்லை. முகம் அப்போதும் குழாயைப் பார்த்திருந்தது. மற்றவை வரிசை கலையாமல், அதன் இடத்தை மட்டும் காலியாக விட்டு நீந்தின. அடுத்தடுத்த நாட்களில் காலியிடங்கள் பெருகின. காரணம் எனக்குத் தெரியும். பூட்டைத் திறப்பது மகளிடம் தோற்பதாகத் தோன்றியது.

கடைசி மீனும் போன பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய், "சீக்கு மீனத் தள்ளிவிட்டீரு" என்று கத்தினேன். அவர் அமலாவைப் பார்த்து, "எந்த மோட்டாரும்மா போட்டீங்க?" என்றார்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சின்னதுதான்" என்றாள்.

அதன் பிறகு அவள் என்னிடம் எதையும் கேட்டதாக நினைவில்லை.

இப்போது அந்தத் தொட்டியில் மண் நிரம்பிப் புல் முளைத்திருக்கிறது. மோட்டாரைக் கழற்றி எவ்வளவோ காலமாகிவிட்டது. பூட்டு மட்டும் துருவேறிச் சுவரிலிருந்த சுவிட்சுப் பெட்டியில் தொங்கியது. சென்ற மாதம் பழைய பெட்டியில் சாவி கிடைத்தது. எண்ணெய் விட்டுத் திறந்தேன். சுவிட்சை அணைத்தேன். நிற்பதற்கு எந்த ஒலியும் இல்லை.

பெங்களூரில் வேலை பார்க்கும் அமலாவுக்குப் போன் செய்து, மோட்டார் பூட்டைத் திறந்துவிட்டேன் என்றேன்.

அவளுக்குப் பின்னால் ஏதோ ஓர் இயந்திரம் சீராக ரீங்கரித்துக்கொண்டிருந்தது.

"இப்பவாப்பா?" என்றாள்.