ரத்தம் கூடிப்போன வாத்தியார்

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில்தான் முதலில் தெரிந்தது. வெந்நீர் விட்டுக் குளித்துத் துடைத்துக்கொண்டு நிற்கும்போது, உடம்பு முழுவதும் ஊசிமுனையால் தொட்டுத் தொட்டு எடுத்தாற்போல் ஓர் அரிப்பு. தடிப்பு இல்லை, கொப்புளம் இல்லை. சொறியத் தனியாக ஓர் இடமும் இல்லை; எல்லாமே இடம்தான். தலை உலர்வதற்குள் தானாகவே அடங்கிவிடும். அடங்கியதும் நானும் மறந்துவிடுவேன்.

மற்றபடி நான் பார்க்க நன்றாகவே இருந்தேன். மாநிறத்தில் பிறந்த எனக்கு நாற்பதை ஒட்டி முகத்தில் ஒரு செம்மை ஏறியது. பூதப்பாண்டி கடைத்தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் வாத்தியார் உத்தியோகத்தில் இவ்வளவு நெய்யா என்று வியந்தார்கள். நானும் மறுக்கவில்லை. நல்ல புத்தகங்கள் படிப்பதால் வந்த ஒளி என்று உள்ளூர ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

அரிப்புக்கு என் மனைவி ஆவுடையம்மாள் எண்ணெயை மாற்றினாள், தலைக்குத் தேய்க்கும் தாளிப்பொடியை மாற்றினாள், கிணற்று நீரை விட்டு ஆற்று நீரைக் கொண்டுவரச் செய்தாள். ஒன்றும் மாறாதபோது வைத்தியரை அழைத்தோம். அவர் ரத்தம் கெட்டிருக்கிறது என்று சொல்லி, முதுகில் அட்டைகளை விட்டார். அவை குடித்துப் பருத்து உருண்டு விழுந்த மறுநாள் எனக்குக் கூடவே இருந்துவந்த தலைப்பாரம் குறைந்தது. அடுத்த சனிக்கிழமை அரிப்பும் பாதிதான்.

ஆனால் புருஷன் ரத்தத்தை அட்டை குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் சும்மா இருப்பாளா? இழந்ததை ஊற வைக்க முருங்கைக்கீரையும் எள்ளுருண்டையும் கருப்பட்டியும் நாள் தவறாமல் வந்தன. முதுகு வழியாக இறக்கியதை வாய் வழியாக ஏற்றினோம். இப்படியே சில வருஷம் நடந்தது. யாருக்கும் யார்மேலும் குறை இல்லை.

பிறகு கால்விரல்கள் எரியத் தொடங்கின. வகுப்பில் செருப்பைக் கழற்றிவிட்டுக் குளிர்ந்த சிமெண்டுத் தரையில் நின்று பாடம் நடத்தினேன். முகச்சிவப்பு கருஞ்சிவப்பாகி, கன்னம் தடித்தது போலத் தெரிந்தது. அந்தச் சமயத்தில்தான் மூத்த மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் என் மைத்துனன் வந்து, சொல்லவா வேண்டாமா என்று வெற்றிலையை வெகுநேரம் மென்றான்.

“அத்தான், நான் சொல்லுகதுக்குக் கோவப்படப்பிடாது. பையனுக்க அப்பா கேக்காரு, மாஸ்டருக்கு மேலுக்கு என்னவாம்னு. மூஞ்சி தடிச்சிருக்கு, காலு எரியுகுன்னு செருப்பக் களத்திட்டு நிக்காருன்னு யாரோ சொல்லியிருக்கான்.”

வியாதியின் பெயரை அவன் சொல்லவில்லை. பெரிய வியாதி என்றுகூடச் சொல்லவில்லை. தகப்பனுக்குத் தொழுநோய் என்று ஒரு பேச்சு கிளம்பினால், மகளுக்கு அடுத்து இருக்கும் தங்கைக்கும் சேர்த்து வாசல் அடைபடும். எனக்கு அது புதிய செய்தியும் அல்ல. சில மாதங்களாக நானே கண்ணாடியில் காதுமடல் தடித்திருக்கிறதா என்று இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடுகளில் புருஷன் சாப்பிட்ட இலையில்தான் மனைவி சாப்பிடுவது வழக்கம். அன்று மதியம் சாப்பிட்டு முடித்ததும் இலையை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

“எலைய எதுக்கு நீங்க எடுக்கியோ?” என்றாள்.

குனிய வயிறு இடம் கொடுக்கிறதா என்று பார்க்கிறேன் என்று ஏதோ உளறினேன். அவள் சிரிக்கவில்லை. தம்பி சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது.

“வையுங்கோ அங்கன. அத எடுத்தா நான் இண்ணைக்கு மட்டுமில்ல, என்னைக்கும் பட்டினிதான்.”

மடித்த இலையை அவளே விரித்து, சோறு போட்டுச் சாப்பிட்டாள். வேறு வழி இல்லாமல் நான் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன். என் உயிருக்குப் பயந்து போனேன் என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். ஆனால் அவள் நாளையும் அந்த இலையில் உட்காருவாள் என்பதே என்னை வண்டியேற்றியது.

இரணியல் தாண்டி மேற்கே இருந்த அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் தொழுநோய்க்கும் சிகிச்சை உண்டு. அதனால் அங்கே போவதே வதந்திக்கு முத்திரை குத்துவது போல. தாழ்வாரத்து பெஞ்சில் ஓரமாக, மேல்துண்டால் முகத்தை மூடி உட்கார்ந்திருந்தேன். ஆவுடையம்மாள் நெருங்கி உட்கார உட்கார நான் நகர்ந்தேன். பெஞ்சு முடிந்துவிட்டது.

டாக்டர் தடித்த கண்ணாடிக்காரர், மேற்குப் பக்கத்து ஆள். என் கட்டைவிரலில் ஒரு குண்டூசியால் குத்தினார். நான் அலறினேன்.

“சார் நெனச்ச வியாதி இது இல்ல. அந்த வியாதின்னா இந்தக் குத்து தெரிஞ்சிருக்காது. சார் போட்ட சத்தத்துல வெளியே இருக்கவன் எந்திச்சு நிக்கான்.”

வலி இவ்வளவு இனிக்கும் என்று நான் படித்த எந்தப் புத்தகமும் சொன்னதில்லை. இன்னொரு முறை குத்தச் சொல்லலாமா என்று இருந்தது.

பிறகு இடது விலாவுக்கு அடியில் கைவைத்து அழுத்தினார். மண்ணீரல் (பழைய ரத்தத்தை வடிகட்டும் உறுப்பு) கல் போல இறங்கி நின்றது. ஒரு துளி ரத்தத்தைப் பூதக்கண்ணாடிக் குழாயில் பார்த்தார். பெயர் பாலிசைத்தீமியா (எலும்புக்குள்ளிருக்கும் மஜ்ஜை, ரத்தத்தின் செவ்வணுக்களை அளவின்றி உண்டாக்குவது). ரத்தப் புற்றுக்கு ஒன்றுவிட்ட தம்பி, ஆனால் நிதானஸ்தன் என்றார். ஒட்டாது. தீர்க்க மருந்து இல்லை. கூடும்போதெல்லாம் ரத்தத்தை இறக்க வேண்டும்.

அரிப்பு எப்போது தொடங்கியது என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் ஆவுடையம்மாள், “எளையவளுக்குக் காது குத்தின வருசம்,” என்றாள்.

“வியாதி அப்பவே வந்தாச்சும்மா.”

காது குத்தின அந்த இளையவள் இப்போது பள்ளிக்கூடத்தில் பெருக்கல் படித்துக்கொண்டிருந்தாள்.

அட்டையும் கீரையும் பற்றிச் சொன்னோம். வைத்தியர் அறியாமலே சரியானதைக் கொஞ்சமாகச் செய்திருக்கிறார், கீரை அதைக் கவிழ்த்திருக்கிறது என்று டாக்டர் சிரித்தார். ஆவுடையம்மாள் முகம் சுருங்கியது.

“அப்பம் நான் ஆக்கிப் போட்டதெல்லாம் வெஷமா டாக்டரே?”

“வெஷமில்லம்மா. அவருக்கு வேண்டாம், அவ்வளவுதான். நீங்க தின்னுங்க, உங்களுக்குத்தான் ரத்தம் போதாது.”

அன்றே என் கைநரம்பைத் திறந்து இனாமல் கிண்ணத்தில் இறக்கினார்கள். பாகு போல் கறுத்து மெதுவாக இறங்கியது. திரும்பும் வழியில் வேளிமலை அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது. மலையை யாரோ துடைத்து வைத்தது போல் இருந்தது; துடைத்தது என் மண்டையைத்தான்.

மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். டாக்டர் சொன்னதை மைத்துனன் அவர்களிடம் விளக்கினான். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள், நம்பினார்களா தெரியாது. ஆண்கள் சாப்பிட்டு எழுந்தோம். ஆவுடையம்மாள் யாரையும் பார்க்காமல் நேரே வந்து என் இலையின்முன் உட்கார்ந்தாள். பையனின் தாய் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் கவளம் உள்ளே போனது. பிறகு அந்தத் தாயும் நகர்ந்துவந்து, பக்கத்திலிருந்த தன் புருஷன் இலையின்முன் உட்கார்ந்தாள்.

“எனக்கும் கொஞ்சம் புளிசேரி விடுங்கோ மைனி,” என்றாள்.

மைனி என்று உறவுமுறை வந்துவிட்டதல்லவா, அதற்குப்பின் தேதி பார்ப்பதுதான் பாக்கி.

இதே வியாதியோடு இதைப் படிக்கிறவருக்கு ஒன்று சொல்லலாம். பெயர் தெரிவதற்கு முந்திய வருஷங்களை நினைத்துப் பார்க்கிறேன். அவற்றில் வீட்டுக்கு ஓடு மாற்றினேன், ராமாயணம் இரண்டு தரம் முடித்தேன், சுகமாகத் தூங்கினேன். வியாதியும் கூடவேதான் இருந்திருக்கிறது, வாடகை கேட்காத குடித்தனக்காரனாக. அந்த நாட்களை இப்போது கெட்ட நாட்கள் என்று திருத்தி எழுத எனக்கு மனமில்லை. இனி வருபவையும் அப்படியே. மண்ணீரலை இடது கையால் தொட்டுப் பார்க்கிறேன். அது இருக்கிறது, நானும் இருக்கிறேன்.

முருங்கைக்கீரை எனக்கு ஆகாது என்று ஆவுடையம்மாளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கை பழகிவிட்டது. இலையின் ஓரத்தில் ஒரு பிடி வைத்துவிடுகிறாள். நான் அதைத் தொடாமல் ஒதுக்கிவைத்துவிட்டு எழுகிறேன். அவள் உட்கார்ந்து முதலில் அதைத்தான் சாப்பிடுகிறாள்.