காபெட் காயும்வரை

யாழ்ப்பாணத்தில் தரையில் விரிக்கிற காபெட் கழுவிப் பிழைக்கிறேன் என்றால் பலர் சிரிப்பார்கள். சீமெந்துத் தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போகிற ஊர் இது. ஆனாலும் வேலை இருக்கிறது. விடுதிகள், கல்யாண மண்டபங்கள், குளிரூட்டிய அலுவலகங்கள், பிறகு வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் பெற்றோருக்காகச் சோடித்து வைத்த வீடுகள். கத்தாரில் ஒரு ஹோட்டலில் பதினொரு வருடம் துப்புரவுப் பெண்ணாக வேலை செய்து இதைப் பழகினேன். திரும்பி வந்தபோது அம்மாவும் அப்பாவும் இல்லை. தம்பி பிரான்ஸில். நல்லூரில் ஒரு வீட்டின் பின்பக்க அறையை வாடகைக்கு எடுத்து, என் இரண்டு இயந்திரங்களையும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன்.

ஒன்று சுடுதண்ணீர் இயந்திரம். சவர்க்காரம் கலந்த சுடுதண்ணீரைக் காபெட்டுக்குள் பீச்சியடித்து, அழுக்கோடு சேர்த்து உறிஞ்சி எடுக்கும். ஆழத்தில் கிடக்கிற மண்கூட வெளியே வரும். ஆனால் எவ்வளவு உறிஞ்சினாலும் ஈரம் மிஞ்சும். அது காய ஒரு பகல் வேண்டும், சில வேளை இரண்டு. மற்றது ஈரம் குறைந்த முறைக்கான தட்டு இயந்திரம். ஒரு திரவத்தை மெல்லியதாகத் தூவி, சுழலும் பஞ்சுத் தட்டால் தேய்ப்பேன். திரவம் அழுக்கைப் பிடித்தபடி தூளாகக் காய்ந்துவிடும். ஒரு மணித்தியாலத்தில் வாக்யூம் பிடித்தால் வேலை முடிந்தது. மேற்பரப்பு பளிச்சென்று இருக்கும். அடியில் உள்ளது அடியிலேயே கிடக்கும்.

உடுப்பிட்டியில் ஒரு வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டது லண்டனில் இருக்கும் அந்த வீட்டு மகள். இணையத்தில் என் விளம்பரத்தைப் பார்த்திருக்கிறாள். அப்பா தனிய இருக்கிறார், காபெட்டை அதிகம் நனைக்காமல் செய்யுங்கோ என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவளுடைய அப்பா கப்பலில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தைந்து வயது இருக்கும். நான் போனபோது தேய்த்த சேட்டுப் போட்டு வாசலில் நின்றார். விறாந்தையில் ஒரு தட்டில் கதலி வாழைப்பழம் வைத்திருந்தார். முன்கூடம் முழுவதையும் கடுஞ்சிவப்புக் கம்பளிக் காபெட் ஒன்று மூடியிருந்தது. பெல்ஜியத் துறைமுகம் ஒன்றில் வாங்கிக் கப்பலிலேயே கொண்டுவந்தாராம். மனைவி இருந்தவரை செருப்போடு யாரையும் அதில் ஏற விட்டதில்லையாம். மனைவி இறந்து மூன்று வருடம்.

தட்டு இயந்திரத்தை அவர் குனிந்து நின்று பார்த்தார். எத்தனை சுற்று, என்ன மோட்டர் என்று கேட்டார். பதினொரு மணிக்கு முன்னமே எல்லாம் முடிந்துவிட்டது.

"அவ்வளவுதானோ?" என்றார்.

"ஓம் ஐயா. இப்பவே மிதிக்கலாம்."

அவருக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது. வேறு இயந்திரம் இல்லையோ என்று கேட்டார். சுடுதண்ணீர் இயந்திரத்தைப் பற்றிச் சொன்னேன்.

"அது காய எவ்வளவு நேரம்?"

"காத்து இருந்தால் பின்னேரம் ஆகும். நாலைஞ்சு மணித்தியாலம் ஃபான் போட்டு, பக்கத்திலை நிண்டு பாக்கவேணும்."

"ஆர் நிக்கிறது? நீரோ?"

"ஓம், நான்தான்."

"அப்ப அடுத்தமுறை அதைக் கொண்டு வாரும், பிள்ளை."

இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டார். சோளகக் காற்று, அந்த வறண்ட தென்மேற்குக் காற்று, வீசுகிற காலம். அந்த நேரத்தில் சுடுதண்ணீரால் கழுவுவதில் பயமில்லை. கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர் என்பதால் நல்ல தண்ணீரைப் பிளாஸ்டிக் கான்களில் கொண்டுபோயிருந்தேன். உறிஞ்சி வந்த தண்ணீர் தேயிலைச் சாயம்போல் கறுத்திருந்தது. அவர் வாளிக்குள் எட்டிப் பார்த்து, "உதுக்கு மேலையோ நான் இவ்வளவு நாளும் நடந்தனான்" என்றார்.

கூடத்தில் கால் வைக்க முடியாது. குசினியில் இருந்தோம். அவரே சமைத்திருந்தார். சோறு, விளைமீன் குழம்பு, சொதி. கப்பலில் சமையல்காரனுக்குக் காய்ச்சல் வந்த ஒரு கிழமை, முழுப் பேருக்கும் தான் சமைத்த கதையைச் சொன்னார். நான் கத்தாரில் ஒரே அறையில் ஆறு பேர் படுத்ததைச் சொன்னேன். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுந்து போய்க் காபெட்டில் கையை வைத்துப் பார்ப்பேன். "காய்ஞ்சிட்டுதோ?" என்று கேட்பார். "இன்னும் இல்லை ஐயா" என்பேன். அவர் கதையைத் தொடர்வார். நாலு மணிக்கு அது உண்மையில் காய்ந்துவிட்டது. ஐந்து மணிவரை நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் இரண்டுமுறை போனேன். அவ்வளவு அடிக்கடி கழுவத் தேவையில்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும்.

ஐப்பசி முடிந்து மழை பிடித்த பிறகு ஒரு காலை அழைத்தார். காபெட்டில் தேத்தண்ணி ஊத்துப்பட்டுவிட்டது, உடனே வரவேண்டும் என்றார். மழைக்கு இரண்டு இயந்திரங்களையும் பொலித்தீனால் மூடி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன்.

கறையைக் கண்டதும் விளங்கிவிட்டது. கை பட்டுக் கொட்டினால் தேத்தண்ணீர் ஒரு பக்கமாகச் சிதறும். இது கூடத்தின் நட்டநடுவில் வட்டமாக இருந்தது. நின்றுகொண்டு நிதானமாக ஊற்றியது.

"இதுக்குத் தட்டு மெசின் போதும் ஐயா. அரை மணித்தியால வேலை."

"இல்லைப் பிள்ளை. முழுக்கக் கழுவும்."

"மழை பெய்யுது. காயாது. அடியிலை சணல் இருக்கு, அது நனைஞ்சு கிடந்தால் பழுப்பு மேலை ஏறும்."

"ஃபான் போடலாம்தானே."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுப்பில் சோறு கொதிக்கும் மணம் வந்தது. இரண்டு பேருக்கு உலை வைத்திருக்கிறார். என் அறையை நினைத்தேன். பின்னேரத்தில் ரியூசன் முடிந்த பிள்ளைகள் சைக்கிளில் சத்தமாகக் கதைத்தபடி ஜன்னலைத் தாண்டிப் போவார்கள். சில நாட்களில் எனக்குக் காதில் விழுகிற பேச்சு அது மட்டும்தான். வேறு யாராவது கேட்டிருந்தால் முடியாது என்றிருப்பேன். அன்று சுடுதண்ணீர் இயந்திரத்தில் குழாயைப் பொருத்தினேன்.

இரண்டு மணிக்குக் கறண்ட் போனது. மின்விசிறிகள் நின்றன. ஐந்து மணிவரை குசினியில் இருந்தோம். அன்று அவர் மனைவியைப் பற்றிக் கதைத்தார். இவர் கடலில் இருந்த மாதங்களில் மனைவி எழுதிய கடிதங்களில் வீட்டுக் கணக்கும் கோழிக் கணக்கும் தவிர வேறெதுவும் இராதாம். அதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது என்றார். கறண்ட் வரவில்லை. நான் புறப்படும்போது காபெட்டைத் தொட்டுப் பார்த்தேன். என் உள்ளங்கை நனைந்தது.

மழை நாலு நாள் விடவில்லை. நான் அவருக்கு ஒரு அழைப்புக்கூட எடுக்கவில்லை. எடுத்தால் என்ன சொல்வார் என்று பயம்.

மார்கழி விடுமுறைக்கு மகள் வந்தாள். அவள்தான் கூப்பிட்டாள். கோபமாகக் கூடக் கதைக்கவில்லை, ஒருக்கா வந்து பாருங்கோ என்றாள். வாசலிலேயே புளித்த மணம் அடித்தது. சிவப்புக் காபெட் முழுவதும் பழுப்பு வளையங்கள். ஒரு மூலையைத் தூக்கினேன். சணல் கையோடு பிய்ந்து வந்தது.

"நனைக்காமல் செய்யச் சொல்லித்தானே நான் உங்களைப் பிடிச்சனான், அக்கா?"

"ஓம்."

"பிறகேன்?"

"மழைக்குக் காயாது எண்டு தெரிஞ்சுதான் செய்தனான். பிழை என்ரைதான்."

அறைக் கதவடியில் நின்ற தகப்பன், "நான்தான் அப்பிடிச் செய்யச் சொன்னனான்" என்றார்.

"ஏன் அப்பா?"

அவர் கூடத்துக்குள் வந்து, நான் தூக்கிய மூலையைத் திரும்ப விரித்துவிட்டார். பிறகு, "அது காயுமட்டும் வீட்டிலை ஒரு ஆள் இருக்கும்" என்றார்.

மகள் கதிரையில் இருந்துவிட்டாள். தகப்பன் பின்பக்கம் போனார். அயலிலிருந்து நாலு பேரைக் கூப்பிட்டுக் காபெட்டைச் சுருட்டி, வீட்டு வளவின் பின்கோடிக்குக் கொண்டுபோய்ப் போட்டோம். நான் கூடத்தைக் கழுவித் துடைத்துவிட்டு வந்தேன். அடியில் வெறும் சீமெந்துத் தரை. பத்து நிமிடத்தில் காய்ந்தது.

மகள் லண்டனுக்குத் திரும்பிய பிறகு, அந்த வீட்டில் இனி எனக்கு வேலை இல்லை என்று பல நாள் சொல்லிக்கொண்டேன். மாசியில் ஒரு நாள் பஸ்ஸில் போனேன். கையில் ஒன்றும் இல்லை. கதவைத் திறந்தவர் என் பின்னால் இயந்திரத்தைத் தேடினார்.

"என்ன அலுவல், பிள்ளை?"

"அலுவல் ஒண்டுமில்லை ஐயா. சும்மா வந்தனான்."

உள்ளே போய் இருந்தோம். கதை வரவில்லை. முன்பு எழுந்துபோய்த் தொட்டுப் பார்க்க ஒன்று இருந்தது. இப்போது அவர் சுவரைப் பார்த்தார், நான் என் கையைப் பார்த்தேன். லண்டனில் குளிராம் என்றார். ஓமாம் என்றேன். வந்திருக்கக் கூடாதோ என்று யோசித்தேன். எழும்பத் தொடங்கியபோதுதான், கிணற்று மோட்டர் இரண்டு நாளாகத் தண்ணீர் இழுக்கவில்லை என்றார். கழற்றுகிற சாவியைக் கொஞ்சம் பிடிப்பீரோ என்று கேட்டார்.

கிணற்றடியில் பழைய சாக்கை விரித்து மோட்டரைக் கழற்றினோம். தேய்ந்த ரப்பர் வாசரை எடுத்துக் காட்டி, இது ஏன் தேய்கிறது என்று விளக்கினார். பாதி எனக்கு விளங்கவில்லை. இரண்டுமுறை பூட்டி இரண்டுமுறை கழற்றினோம். மூன்றாம் முறை தண்ணீர் இருமி இருமி வந்தது.

"அடுத்த மாதமும் வருவீரோ?" என்று கேட்டார்.

"வாறன்" என்றேன்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. கை முழுக்கக் கிறீஸ். அந்த மோட்டரைப் பற்றி யாருக்காவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் இருந்த பெண் நித்திரையாகிவிட்டாள். தம்பிக்கு அழைப்பு எடுத்தேன். அவன் வேலையில் நின்றிருப்பான், எடுக்கவில்லை.