மின்விசிறிப் பரீட்சை

திருவனந்தபுரத்தில் கரமனைப் பக்கம் ஒரு வாசகசாலையின் செயலாளர் அவர். ஆண்டு விழாக் கச்சேரிக்கு ஆள் தேர்வு செய்வதும் அவர்தான். கஞ்சி போட்டு மொடமொடக்கும் வெள்ளை வேட்டி. பேசும்போதும் வலது கை மின்விசிறி சுவிட்சை விட்டு நகராது.

தொண்ணூறுகளின் கடைசியில், அம்மா இறந்த இரண்டாம் மாதம், வயலினோடு அவரிடம் வாய்ப்புக் கேட்டுப் போனேன். என் வாசிப்பில்தான் வீடு ஓடியது.

"இங்கயே வாசிங்க," என்றார். சுற்றிலும் பத்துப் பேர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். வாசித்தேன். பாதியில் யாரோ ஏதோ கத்தினார்.

முடித்ததும் செயலாளர் சொன்னார்: "நடுவுல நான் ஃபேனை ஆஃப் ஆக்கினேன். எல்லாருக்கும் இந்தப் பரீட்சைதான், கேட்டோ. யாரும் ஃபேனைப் போடச் சொல்லிக் கேக்கலேன்னா தேதி தருவேன். இன்னைக்கு ஒருத்தர் கேட்டாச்சு."

வயலினைப் பெட்டியில் வைத்தேன். ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது.

"உங்களுக்குச் சூடெடுக்கலையா?"

"ஃபேன் நின்னதே தெரியலை, சார்."

அவர் டைரியைத் திறந்து, விழா நாளுக்கு நேரே என் பெயரை எழுதினார். எழுதும்போது அவர் முகத்தில் ஒரு மரியாதை இருந்தது.

நான் சங்கீதத்தில் மூழ்கியிருந்ததாக நினைத்திருப்பார். அம்மா போன அந்த மாதங்களில் எனக்குக் கொதிக்கிற காப்பிகூடச் சுட்டதில்லை. அதை அவரிடம் நான் சொல்லவில்லை.