பி வட்டம், இரண்டு பேர்

மாலை ஏழு மணி இரண்டு நிமிடம். அக்டோபர் ஏழாம் தேதி.

நேரத்தை நான் ஊகித்துச் சொல்லவில்லை. என் அடுப்புக்கு மேலே கடிகாரம் இருக்கிறது. வாக்கி-டாக்கியைக் கீழே வைக்கும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். இதைக் கேட்டு ஒரு சிலர் சிரித்தார்கள். மகள் டாக்டரிடம் போகச் சொன்னாள். போனேன். எனக்கு ஒன்றுமில்லை என்றார். நடந்தது இதுதான்.

என் பெயர் வெர்னா. வயது அறுபத்திரண்டு. வண்டியில் மாட்டி இழுத்துப் போகும் கேரவன்தான் வீடு. ஒரு கட்டில், ஓர் அடுப்பு, மேசைக்கு இரண்டு பக்கமும் எதிரெதிராக இரண்டு இருக்கைகள். இருந்த வீட்டை விற்று நானும் கணவர் க்ளென்னும் அதை வாங்கினோம். கோடையில் மலைப் பூங்கா, குளிரில் பாலைவனம். பயணிகள் தங்கும் முகாமைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கழிப்பறை கழுவுவோம். அடுப்புக் குழிகளில் சாம்பல் அள்ளுவோம். பத்து மணிக்கு மேல் பாட்டுப் போடுகிறவர்களை அடக்குவோம். ஒன்பது வருடம் இரண்டு பேராகச் செய்தோம். போன வருடம் மார்ச்சில் க்ளென் இறந்துவிட்டார்.

இந்த வருடம் முதல்முறையாக வந்த முகாமில் சாலை மூன்று வட்டங்களாகச் சுற்றி வரும். ஏ, பி, சி. வட்டத்துக்கு ஒரு காப்பாளர். என்னுடையது பி. மலைமேல் போன் எடுக்காது. தினமும் மாலை ஏழு மணிக்கு, வட்டத்தில் எத்தனை பேர் தங்குகிறார்கள் என்று வாக்கி-டாக்கியில் சொல்ல வேண்டும். கீழே ஊரில் மார்வா என்ற பெண் கேட்டு எழுதிக்கொள்வாள். ஐந்து மாதம் தினமும் பேசியிருக்கிறோம். நேரில் பார்த்ததில்லை.

செப்டம்பரிலேயே சி வட்டத்தை மூடிவிட்டார்கள். ஏழாம் தேதி காலை ஏ வட்டத்திலிருந்து ஆர்லோவும் அவர் மனைவி டெல்லாவும் கிளம்பினார்கள். பயணிகள் யாரும் இல்லை. உறைந்து வெடிக்காதபடி தண்ணீர்க் குழாய்களை வடித்துவிட்டுப் பதினான்காம் தேதி நானும் கிளம்ப வேண்டும். அதற்குப் பிறகு கணவாய்ச் சாலையை மூடுவார்கள்.

ஆர்லோ ஜன்னலை இறக்கினார்.

“சீக்கிரம் இறங்கிடு வெர்னா. பனி பிடிச்சுதுன்னா உன்னை மே மாசம்தான் தோண்டி எடுக்கணும்.”

“வாயைக் கழுவுங்க முதல்ல,” என்றாள் டெல்லா. “எங்க போறே வெர்னா?”

“மகள் வீட்டுக்கு.”

“அப்புறம் என்ன, ஜாலிதான்.”

அவர்களுக்குக் கையசைத்தேன். மகள் வீட்டு வாசலில் கேரவனை நிறுத்தினால் பக்கத்து வீட்டுக்காரன் நகராட்சிக்குப் புகார் எழுதுவான். போன குளிரில் மூன்று முறை எழுதினான். மருமகன் ஒவ்வொரு முறையும் அதை எனக்குப் படித்துக் காட்டினார். அரிசோனாவில் அடுத்த வேலை மார்ச்சில்தான். நடுவில் ஐந்து மாதம்.

பூங்காவில் குளிர்கால வேலை ஒன்று உண்டு. பி வட்டத்திலேயே தங்கி, கூரைகளில் விழும் பனியைத் தள்ள வேண்டும். அதைக் கேட்டிருந்தேன். ரேஞ்சர் வெண்டெல் நல்ல பையன். தலையைச் சொறிந்தான்.

“தனி ஆளுக்குத் தர மாட்டாங்க மேடம். ரெண்டு பேர் இருக்கணும். ரூல்.”

அன்று மாலை ஏழு மணிக்குப் பொத்தானை அழுத்தினேன்.

“பி வட்டம். ஒரு ஆள். நலம்.”

“பி, ரெண்டு. எழுதிட்டேன் கண்ணு. குட்நைட்.”

வாக்கி-டாக்கியை வைத்தேன். 7:02.

நான்தான் வாய்தவறிச் சொல்லியிருப்பேன், பழக்கதோஷம் என்று நினைத்தேன். ஒன்பது வருடம் ‘ரெண்டு’ என்றே சொன்ன வாய். இன்னும் சில நேரம் கடையில் இரண்டு காபி கேட்டுவிடுவேன்.

மறுநாள் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னேன்.

“பி வட்டம். ஒரு ஆள். நலம்.”

“பி, ரெண்டு.”

“ஒண்ணு, மார்வா.”

“என்ன கண்ணு விளையாடறே? ஒண்ணுங்கறே, ரெண்டுங்கறே. நடுவுல ஒரே இரைச்சல் வேற.”

“ஒண்ணுன்னு எழுது.”

“இன்னிக்கு எழுதிட்டேன். அடிச்சுத் திருத்தினா மேலிடத்துல என்னை அடிப்பாங்க. நாளைக்குப் பார்ப்போம்.”

வாக்கி-டாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று தெரியும். பொத்தானை அழுத்திப் பேசும்போது மற்றவர் பேசுவது கேட்காது. அதே நேரத்தில் இன்னொருவரும் பேசினால், அது நமக்கு மட்டும் கேட்காது; மற்ற எல்லாருக்கும் கேட்கும்.

அன்று எனக்கு இது தோன்றவில்லை.

ஒன்பதாம் தேதி காலை 5:40. விழித்துப் படுத்திருந்தேன்.

டங்.

கதவுக்கு வெளியே இரும்புப் படி. மடக்குப் படி. கால் வைத்தால் அந்தச் சத்தம் வரும். வண்டி லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது.

வண்டியில் வாழ்கிற நாங்கள் அடுத்தவர் படியில் கால் வைக்க மாட்டோம். தள்ளி நின்று குரல் கொடுப்போம். யார் என்று கேட்டேன். கரடியாக இருக்கலாம் என்று பத்து நிமிடம் காத்திருந்து கதவைத் திறந்தேன்.

படிமேல் வெள்ளையாக உறைபனி. உப்புத் தூவியதுபோல. ஒரு கீறல் இல்லை.

பத்தாம் தேதி. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

கேரவனை எங்கே நிறுத்தினாலும் சக்கரத்துக்கடியில் கட்டை வைத்து மட்டம் பார்ப்போம். இல்லாவிட்டால் தட்டில் ஊற்றிய முட்டைகூட ஒரு பக்கமாக ஓடும். என் மேசைக்கு மேலே சிறிய ரசமட்டம் ஒன்றைக் க்ளென் ஒட்டியிருந்தார். அவர் வலது இருக்கை, நான் இடது இருக்கை. இரண்டு பேரும் உட்கார்ந்தால் குமிழி நடுவில் நிற்கும். அவர் போன பிறகு நான் உட்கார்ந்ததும் இடது பக்கம் இறங்கும். குமிழி வலது பக்கம் ஓடிவிடும். ஒன்றரை வருடமாக ஒவ்வொரு சாப்பாட்டின்போதும் அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறேன்.

அன்று 6:20. சூப் கிண்ணத்தோடு இடது பக்கம் உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தேன்.

குமிழி நடுவில் இருந்தது.

எழுந்தேன். இடது பக்கம் ஓடியது. உட்கார்ந்தேன். நடுவுக்கு வந்தது.

எதிர் இருக்கையில் யாரும் இல்லை.

எனக்குப் பயம் வரவில்லை. அதை மறைக்க மாட்டேன். கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

“க்ளென்?” என்றேன்.

சூப் ஆறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஏழு மணிக்கு ஒரு ஆள் என்று சொன்னேன். மார்வா ரெண்டு என்றாள். நான் திருத்தவில்லை.

பதினொன்றாம் தேதி காலை வெண்டெல் வந்தான். தள்ளி நின்று குரல் கொடுத்தான். வெளியே போனேன்.

“மார்வா நோட்டுல ரெண்டு ரெண்டுன்னு இருக்கு. உங்க வீட்டுக்காரர் வந்துட்டாரா மேடம்?”

க்ளென் இறந்தது இந்தப் பூங்காவில் யாருக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

“வந்துட்டார்,” என்றேன்.

“எங்க?”

“தூங்கறார்.”

“கொடுத்துவெச்சவர்.” சிரித்துக்கொண்டே ஜீப்பிலிருந்து ஒரு தாள் எடுத்தான். “அப்போ குளிர்கால வேலை உங்களுக்குத்தான். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வைங்க. பதிமூணாம் தேதி வந்து வாங்கிக்கிறேன்.”

க்ளென்னின் கையெழுத்து எனக்கு நன்றாக வரும். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரித் தாள்களில் எல்லாம் நான்தான் போட்டேன். அன்றும் போட்டேன். தாளை மேசையில் வலது பக்கமாகத் தள்ளி வைத்தேன், அவர் பார்க்கட்டும் என்று.

பன்னிரண்டாம் தேதி. குழாய் வேலை முடித்துவிட்டு வந்தேன். வெளியே இருட்டிவிட்டது. காற்று இல்லை. கொதித்தால் கூவும் கெட்டிலை அடுப்பில் வைத்தேன். உட்கார்ந்தேன்.

குமிழி நடுவில்.

6:55. அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. நான் பேசும்போது அவர் பேசுவது எனக்குக் கேட்காது. பேசாமல் இருந்தால் கேட்கும். அவர் குரலை ஒரு முறை கேட்டால் போதும்.

6:58. வாக்கி-டாக்கியை மேசை நடுவில் வைத்தேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

6:59...

ஏழு. பொத்தானை நான் தொடவில்லை.

கரகரவென்று இரைச்சல். பிறகு குரல்.

“பி வட்டம். ரெண்டு பேர். நலமா இருக்கோம்.”

பெண் குரல்.

என் வயதுதான் இருக்கும். நிதானமான குரல். கொஞ்சம் சந்தோஷமான குரல்.

“பி, ரெண்டு,” என்றாள் மார்வா. “இன்னிக்கு ஒழுங்காச் சொன்னியே கண்ணு. அது என்ன பின்னால விசில்?”

அடுப்பில் என் கெட்டில் கூவிக்கொண்டிருந்தது.

கூவல் அடுப்பிலிருந்தும் வந்தது. மேசைமேல் வாக்கி-டாக்கிக்குள்ளிருந்தும் வந்தது.

வேறெங்கோ இருந்து பேசவில்லை. இங்கே...

இந்த மேசையில்.

நான் அசையவில்லை. குமிழியை மட்டும் பார்த்தேன்.

நடுவில் இருந்தது.

பிறகு நகர்ந்தது.

வலது பக்கம்... மெதுவாக... வலது ஓரம்வரை.

எதிரே இருந்த பாரம் எழுந்துவிட்டது.

குமிழி இன்னும் தள்ளியது. ரசமட்டத்தின் கோட்டைத் தாண்டி. என் ஒருத்தி எடைக்கு அது அவ்வளவு தூரம் போகாது.

பாரம் என் பக்கம் வந்துவிட்டது.

என் இடது தோள் குளிர்ந்தது.

கதவைத் திறந்தது நினைவில்லை. படியில் ‘டங்’ என்று கேட்டது என் கால்தான். எனக்குப் பின்னால் இன்னொரு முறை கேட்டது.

டங்.

கேரவனை இழுக்கும் பிக்கப் வண்டிக்குள் ஏறிப் பூட்டிக்கொண்டேன். விடியும்வரை அங்கேதான் இருந்தேன். கெட்டில் 7:25 வரை கூவியது. பிறகு நின்றது. நான் அணைக்கவில்லை.

பதின்மூன்றாம் தேதி நல்ல வெயில் வந்த பிறகுதான் கேரவனுக்குள் போனேன். அடுப்புக் குமிழ் திருகி அணைக்கப்பட்டிருந்தது. கெட்டிலில் தண்ணீர் மிச்சம் இருந்தது. தாளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மிச்சக் குழாய்களை வடித்தேன். கட்டைகளை எடுத்தேன். கேரவனை மாட்டினேன். 4:10க்கு முகாம் வாசல் கேட் பக்கம் வெண்டெல் நின்றிருந்தான்.

“க்ளென் செத்து ஒன்றரை வருஷம் ஆச்சு,” என்றேன். “பொய் சொல்லிட்டேன்.”

அவன் தாளைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். திட்டவில்லை.

“கீழே ஆபீஸ்ல சாவியோட இதையும் கொடுத்திடுங்க மேடம். கடைசிக் கணக்கை மட்டும் சொல்லிடுங்க. கேட்டைப் பூட்டணும்.”

வாக்கி-டாக்கியை எடுத்தேன். “பி வட்டம். யாரும் இல்லை.”

“எழுதிட்டேன்,” என்றாள் மார்வா.

ஊருக்குள் வர 6:35 ஆகிவிட்டது. மார்வா குள்ளமானவள். ஊன்றுகோல் வைத்திருந்தாள். வாயைத் திறந்ததும் குரல் தெரிந்தது. என்னைக் கட்டிக்கொண்டாள். சாவியையும் தாளையும் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். க்ளென்னின் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்தாள்.

“இதே மாதிரி ஒரு பேப்பர் ஆறு வருஷத்துக்கு முந்தியும் வந்துது. நடீன்னு ஒருத்தி. உன் இடத்துலதான் நிறுத்தியிருந்தா. புருஷன் கையெழுத்தும் இருந்துது. அந்த ஆளு ஆகஸ்ட்லயே செத்துப்போயிட்டான்னு யாருக்கும் தெரியல. குளிர்காலம் முழுக்க ‘ரெண்டு பேர், நலமா இருக்கோம்’னுதான் சொன்னா.”

“அப்புறம்?”

“பனிச்சரிவு. சாலை போச்சு. தினமும் நலம்னு சொல்றவங்களை எதுக்குப் போய்ப் பார்க்கணும்? ஏப்ரல்லதான் போனாங்க. ஹீட்டர் புகை. வாசனை இருக்காதாம். தூக்கத்துலயே போயிருக்கா. மேசையில ரெண்டு தட்டு வெச்சிருந்தா.”

“ஏப்ரல்லயா செத்தா?”

மார்வா நோட்டைத் திறந்து என் பக்கம் திருப்பினாள்.

“ஜனவரி முதல் வாரம்னு டாக்டர் எழுதிக் கொடுத்தார்.”

ஜனவரி எட்டு. பி, 2, நலம். ஒன்பது. பி, 2, நலம். பக்கத்தைப் புரட்டினேன். பிப்ரவரி முழுக்க. மார்ச் முழுக்க. ஏப்ரல் இருபத்திரண்டு வரை. எல்லாம் மார்வாவின் கையெழுத்து.

“எல்லாம் என் காதால கேட்டு எழுதினது,” என்றாள். “இந்த வாரம் கேட்டதும் அதே குரல்தானோ என்னவோ. நீன்னு நினைச்சுட்டேன் கண்ணு. இந்த டப்பாவுல எல்லாக் குரலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.”

கேட் பூட்டியிருக்கிறது. என் வாக்கி-டாக்கி அவள் மேசைமேல், அணைக்கப்பட்டுக் கிடந்தது. மலைமேல் ஒருவரும் இல்லை.

சுவரில் கடிகாரம் ஏழைத் தொட்டது.

மார்வாவின் ரேடியோ ஒலிபெருக்கி கரகரத்தது.

“பி வட்டம்...”

மார்வா என் கையைப் பிடித்தாள்.

“பி வட்டம். ஒரு ஆள்.”

‘நலம்’ வரவில்லை. இரைச்சல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் இன்னும் பொத்தானை விடவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். 7:02.

“மார்வா... வெர்னா திரும்பி வருவாளா?”