முந்திப் போகப் பயந்த பஸீஹா டீச்சர்

பஸீஹா டீச்சரின் காரில் ஏறுவதற்கு முன் முருகனைக் கும்பிட்டுக்கொள்வது என் வழக்கம். வேகத்துக்குப் பயந்து அல்ல. அவர் போகும் வேகத்தைப் பார்த்துப் பின்னால் வருகிறவர்கள் என்ன சொல்லித் திட்டப்போகிறார்களோ என்ற பயம்தான்.

வெள்ளவத்தையில் ஒரே மாடியில் எங்களுக்கு எதிரெதிர் வீடு. நான் ஜீவராணி. ஹட்டன் பக்கத்திலிருந்து வந்து, காலி வீதியில் ஒரு புடவைக் கடையில் காசு வாங்கும் மேசையில் இருப்பவள். டீச்சர் தன் வீட்டு ஹோலில் பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் டியூஷன் கொடுப்பவர். அவருடைய கணவர் ஸவாஹிர் டோஹாவுக்கு வேலைக்குப் போகும்போது ஒரு சின்னக் காரை வாங்கி நிறுத்திவிட்டு, "ஓடிப் பழகிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். விமானம் ஏறப்போகிறவருக்கு அப்படிச் சொல்வது சுலபம்.

டீச்சர் லைசென்ஸ் எடுத்தார். ஆனால் முன்னால் போகும் எதையும் முந்த மாட்டார். பஸ்ஸை விடுங்கள், தள்ளுவண்டியில் அன்னாசி விற்றுக்கொண்டு போகிறவரையும் முந்த மாட்டார். கார் பழக்கிய மனிதர் ஹெவ்லொக் டவுனில் வைத்து "ஓவர்டேக் கரன்ன, டீச்சர், ஓவர்டேக் கரன்ன!" என்று சிங்களத்தில் கத்திக் கத்தியே தொண்டையைக் கெடுத்துக்கொண்டார்.

பயம் வந்தால் சிலர் தண்ணீர் குடிப்பார்கள், சிலர் ஓதுவார்கள். டீச்சர் அகராதியைத் திறப்பார். அந்தச் சொல் தன்னைப் படுத்தும் பாடு தாங்காமல், அதன் பூர்வீகத்தையே தோண்டி எடுத்துவிட்டார். பிறகு ஒருநாள் பின்னேரம், இஞ்சிப் பிளேன்டீயோடு என்னை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார்.

"இந்த ஓவர்டேக்ன்ற சொல்லுக்கு ஏழெட்டு நூறு வயசு, ஜீவா. ஆரம்பத்துல முந்திப் போறதுன்னு கருத்தே இல்ல. முன்னுக்கு ஓடுறவன எட்டிப் பிடிக்கிறதுதான். கள்ளனத் துரத்திப் போய்ப் பிடிச்சா, அது ஓவர்டேக்."

"பிடிச்சாப் போதுமா? தாண்டத் தேவையில்லையா?"

"தேவையில்ல. பிறகு கருத்து மாறிச்சு. நெனைக்காத நேரத்துல பின்னால வந்து ஒருத்தர மூடிக்கிற எதுக்கும் அதச் சொன்னாங்க. வழியில இருட்டு வந்துட்டா ஓவர்டேக். மழை, புயல் வந்துட்டா ஓவர்டேக். மவுத்து வந்தாலும் அதேதான். குடிச்சுப்போட்டு விழுந்தவனுக்கும் ஒரு காலத்துல அதத்தான் சொன்னாங்க. ஸ்கொட்லாந்துல வேற கருத்து. எடுத்த வேலய நேரத்தோட செஞ்சு முடிக்கிறது."

"அப்ப எங்கட பஸ்காரங்கட ஓவர்டேக்?"

"ரோட்டுல வண்டிவாகனம் கூடின பிறகு வந்தது. அதுக்குப் பிறகுதான் மார்க்ஸ்ல முந்துறது, யாவாரத்துல முந்துறதெல்லாம். நான் பழைய கருத்துல ஓட்டுறன். எட்டிப் பிடிச்சு, பின்னாலயே போறன்."

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். டீச்சர் சிரிக்கவில்லை. இருட்டையும் மவுத்து என்ற சாவையும் பற்றிச் சொன்னபோது கையை மடிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லில் அவரைப் பயமுறுத்தியது நடுவில் வந்த அந்தக் கருத்துதான் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

நாட்டில் பெற்றோல் இல்லாமல் போன அந்த வருஷம், மட்டக்குளியில் இருந்த அவருடைய ராத்தா உம்மு குல்தூம் காலமானார். தாய் சின்ன வயதிலேயே போய்விட்டதால் பஸீஹாவை வளர்த்த அக்கா அவர். பல மாதங்களாகப் படுக்கையில் இருந்தவர். "என்னக் குளிப்பாட்டுறது நீயாத்தான் இருக்கணும். தெரியாத கை என் மேல படக் கூடாது" என்று தங்கையிடம் சொல்லிவைத்திருந்தார். முஸ்லிம் வீடுகளில் மவுத்தான பெண்ணை, நெருங்கிய பெண்களோ அதற்கென்றே உள்ள ஒரு பெண்ணோ குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றிக் கபனிடுவார்கள். அதற்குப் பிறகு ஆண்கள் தூக்கிக்கொண்டு, அடக்கம் செய்யும் மையவாடிக்குப் போய்விடுவார்கள். யாருக்காகவும் அதிக நேரம் காத்திருக்க மாட்டார்கள்.

காலையில் செய்தி வந்தது. பின்னேரம் அஸர் தொழுகையோடு அடக்கமாம். டீச்சர் முகத்தில் இரத்தம் இல்லாமல் என் கதவைத் தட்டினார்.

"ஒரு த்ரீவீலும் இல்ல, ஜீவா. பஸ்ல தொங்குறாங்க. காரெடுக்கப் போறன். நீங்களும் வாங்க. தனியப் போக எனக்கு ஏலா."

கொழும்பே பெற்றோலுக்குத் தவம் கிடந்த நேரத்தில், அந்தக் காரின் டேங்க் மட்டும் நிறைந்திருந்தது. ஓட்டினால்தானே குறையும்! வண்டி ஓட்டப் பயந்தவருக்குக் கடவுள் வைத்த சேமிப்பு.

கடற்கரை வீதியால் கொள்ளுப்பிட்டி வரைக்கும் வந்தோம். பாதை வெறிச்சோடிக் கிடந்தது. கோட்டையைக் கடந்து கொட்டாஞ்சேனைக்குள் நுழைந்ததும் வாகனங்கள் வரிசையாக நின்றன. முன்னால் ஒரு வெள்ளை வேன். டீச்சர் அதற்குப் பின்னால் போய் ஒழுங்காக நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் எங்களுக்குப் பின்னால் ஒரு காரும் அதற்குப் பின்னால் ஒரு லொறியும் வந்து ஒட்டிக்கொண்டன.

"பெரிய ட்ராஃபிக் போல" என்றார் டீச்சர்.

நான் கண்ணை மூடிக் கந்தசஷ்டிக் கவசம் சொல்லத் தொடங்கினேன். பக்கத்தில் டீச்சர் அரபியில் ஓதினார். இரண்டு பேரும் சேர்ந்து இரண்டு கடவுளிடமும் கேட்டும் வேன் ஓர் அங்குலம் நகரவில்லை. கவசம் ஒரு தரம் முடிந்து மறு தரமும் முடிந்தது. கண்ணைத் திறந்து பார்த்தால், வேன்காரர் பக்கத்துக் கண்ணாடியில் முகம் பார்த்து ஆற அமர ஷேவ் எடுத்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடியை இறக்கி, "அண்ணே, ஏன் இது போகுதில்ல?" என்று கேட்டேன்.

அவர் சோப்பு நுரையோடு திரும்பினார். "எப்பிடிப் போகும் தங்கச்சி? எண்ணெய் பவுசர் நாளைக்குத்தான் வருமாம்."

பெற்றோல் கியூ! அஸருக்கு ராத்தாவின் மையித்தை எடுக்கப் போகிறார்கள், நாங்கள் எண்ணெய்க்கு வரிசையில் நிற்கிறோம். எனக்கு வந்த ஆத்திரத்தில் டீச்சரை என்ன சொல்லித் திட்டுவதென்றே தெரியவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் ஆத்திரம் அடங்கியது. பேயறைந்தவர் போல ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ரிவர்ஸ் எடுங்க."

"பின்னால ஒட்டிக்கிட்டு இருக்காங்க."

"அப்ப வலது பக்கம் வெட்டி, இவ்வளவு பேரையும் முந்துங்க. வேற வழியில்ல."

"எனக்கு ஏலா ஜீவா. சத்தியமா ஏலா."

"டீச்சர், ராத்தாவ வேற யாராவது குளிப்பாட்டட்டுமா?"

சொன்ன பிறகு என் வாயைக் கடித்துக்கொண்டேன். டீச்சர் கண்ணீர் தாடை வரைக்கும் வழிய, காரை வலப்பக்கம் திருப்பினார். எதிரே வந்த பஸ் ஹோர்ன் அடித்தபடி எங்களை உரசுவது போல் போனது. நான் "முருகா!" என்று அலறினேன். டீச்சர் நிறுத்தவில்லை. வேனைத் தாண்டினோம், அடுத்ததைத் தாண்டினோம். வரிசை முடிகிற பாடாக இல்லை. இவ்வளவு வாகனத்தை அவர் வாழ்நாளில் முந்தியதில்லை, இனிமேலும் முந்தப்போவதில்லை.

பெற்றோல் ஷெட்டுக்குக் கிட்டப் போனபோது ஏழெட்டுப் பேர் பாதையில் இறங்கி மறித்துக்கொண்டார்கள். வரிசையை வெட்டிக்கொண்டு முன்னால் போய்ப் பெற்றோல் அடிக்கப் போகிறோம் என்று நினைத்துவிட்டார்கள். அந்த நாட்களில் அதற்காகவே மண்டைகள் உடைந்தன. ஒருவன் போனட்டில் ஓங்கி அடித்தான். "போலிமட்ட யன்ன!" என்று சிங்களத்தில் கத்தினான். வரிசைக்குப் போ என்கிறான். இன்னொருவன் என் பக்கத்துக் கதவைத் திறக்கப் பார்த்தான். பூட்டியிருந்தது, நல்ல காலம். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். எங்களுக்கு மடியில் இல்லை, டேங்கில் இருந்தது. இதைக் கண்டால் உறிஞ்சி எடுத்துவிடுவார்களே என்று நினைத்தேன்.

டீச்சர் கண்ணாடியை இறக்கினார்.

"மல்லி, அபே அக்கா நெதி உனா" என்றார். எங்கள் அக்கா காலமாகிவிட்டார், தம்பி. உள்ளே பாருங்கள் என்பதுபோல் பெற்றோல் முள்ளைக் கையால் காட்டினார்.

போனட்டில் அடித்தவன் குனிந்து பார்த்தான். முள் உச்சியில் நின்றது. நிறைந்த டேங்கோடு யாரும் பெற்றோல் வரிசையை வெட்ட மாட்டார்கள். அவன் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு நிமிர்ந்து மற்றவர்களிடம் ஏதோ சொன்னான். போய் எதிரே வந்த வாகனங்களைக் கையைக் காட்டி மறித்து, எங்களுக்கு வழிவிட்டான்.

மட்டக்குளி வீட்டு வாசலில் கார் நின்றபோது அங்கே கூட்டம் இல்லை. அக்கம்பக்கத்து ஆண்கள் சிலர் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தார்கள். ராத்தாவின் மகன் இப்ஹாம் ஓடிவந்தான்.

"எடுத்திட்டாங்களா?" என்று டீச்சர் கேட்டார்.

"இல்ல சாச்சி. நீங்கதான் முதல் வந்திரிக்கிறீங்க. மாமிமார் யாரும் இன்னும் வரல்ல, பெற்றோல் இல்ல. குளிப்பாட்டுற பொம்பளயும் நடந்துதான் வாறாவாம். நிம்றா உள்ளுக்குத் தனியப் பயந்துகொண்டு நிக்கிறா."

நிம்றா அவன் மனைவி, போன வருஷம் கல்யாணமானவள். தண்ணீர் சுடவைத்து, துணியெல்லாம் எடுத்துவைத்துவிட்டுக் குளிப்பாட்டும் பெண்ணை எதிர்பார்த்து நிற்கிறாளாம்.

நான் "அப்பாடா" என்றேன். டீச்சர் இறங்கவில்லை.

"ஜீவா," என்றார், "பிந்திருவன்னு பயந்து பயந்து வந்தன்னு நெனச்சிங்களா? இல்ல. பிந்திட்டா நல்லம்னு எனக்குள்ள ஒண்டு சொல்லிட்டே வந்திச்சு. ராத்தாவ அப்பிடிப் பார்க்க எனக்குப் பயம். அந்தக் கியூவுல நிண்டப்போ, கொஞ்ச நேரம் எனக்கு நிம்மதியா இருந்திச்சு."

நான் அவர் கையைப் பிடித்தேன். ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்தது. இறங்கிப் போய் அவர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன். அவர் காலைக் கீழே வைத்தார். நடக்கும்போதே சட்டைக் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டார்.

அறைக் கதவு சாத்தப்பட்டது. நான் வெளியே சுவரோடு நின்றேன். உள்ளே நிம்றா விசும்புவது கேட்டது. வாளியில் கோப்பை தட்டியது. தண்ணீர் மெல்ல விழும் சத்தம் வந்து, சட்டென்று நின்றது.

"ராத்தா," என்று டீச்சர் கேட்டார், "சூடு கூடவா?"