நான் தூங்கிய பக்கங்கள்

பள்ளிக்கூடத்துப் பக்கம் நான் போனதெல்லாம் ஆட்டை விரட்டிக்கொண்டுதான். அதனால் இதை நான் சொல்ல, என் மகள் எழுதுகிறாள். நல்ல தமிழெல்லாம் அவளுடையது.

கன்னிவாடி ரோட்டில் சாருக்கு ஒரு தென்னந்தோப்பு. அங்கே தண்ணீர் பாய்ச்சுகிறவன் நான். சார் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். அவர் எழுதிய சட்டப் புத்தகங்களை ஜட்ஜுகளே எடுத்துப் பார்ப்பார்களாம். ரிட்டையர் ஆனதும் அதையெல்லாம் பரணில் ஏற்றிவிட்டு நாவல் எழுத உட்கார்ந்தார்.

“ஏன் சார், நல்லாத்தான இருந்தீங்க?” என்று கேட்டேன்.

“சட்டத்துல எவனும் வாதி, இல்லன்னா பிரதிவாதி அப்பு. தோத்தவன் வீட்டுக்குப் போயி சாப்ட்டானா இல்லையான்னு எழுத அதுல இடமில்ல.”

மத்தியானம் சாப்பிட்டதும் மோட்டார் ரூம் நிழலில் என்னை உட்காரவைத்து, எழுதியதைப் படிப்பார். நான் தூங்கிவிட்டால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவார்.

“படிச்சவன் மரியாதைக்குத் தலையாட்டுவான். நீ கொறட்டையே விட்டுருவ” என்பார்.

தூங்குவதற்குச் சம்பளம் வாங்கிய ஆள் திண்டுக்கல்லிலேயே நான் ஒருவன்தான். இரண்டு நாவல் அப்படித்தான் வந்தது.

மூன்றாவதில் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி இருந்தபோது, சாருக்குத் தொண்டையில் புற்றுநோய் என்றார்கள். மதுரையில் ஆபரேஷன் செய்ததில் குரலே போய்விட்டது. தோப்புக்குத் திரும்பி வந்து மிச்சத்தை எழுதி முடித்தார். அன்றைக்குச் சாப்பாடானதும் வழக்கம்போலக் காகிதங்களோடு வந்து உட்கார்ந்தார். அவருக்குப் படிக்கக் குரல் இல்லை. எனக்கு எழுத்து தெரியாது.

“எம்மகளக் கூட்டியாரவா சார்? செத்த நேரத்துல வந்துரும்.”

வேண்டாம் என்று தலையசைத்தார். வரியின் மேல் விரலை வைத்து, உதட்டை மட்டும் அசைத்துப் படிக்க ஆரம்பித்தார். கழுத்தில் போட்டிருந்த துளை வழியாக மூச்சு மட்டும் வந்தது. ஓரிடத்தில் சிரித்தார். எதற்கென்று தெரியாமல் நானும் சிரித்தேன். இன்னோர் இடத்தில் விரல் நகரவே இல்லை. துண்டை எடுத்து நீட்டினேன்.

முடித்ததும் என் கண்ணையே பார்த்தார்.

“தூக்கமே வரல சார்” என்றேன். அது நிஜம்.

காகிதங்களை அடுக்கி நூல் போட்டுக் கட்டினார். புத்தகம் அச்சாகி வந்தபோது சார் இல்லை.

இப்போது மத்தியானங்களில் மகள் அதைப் படித்துக் காட்டுகிறாள். நேற்று கடைசி அத்தியாயத்துக்கு வந்துவிட்டாள்.

“போதும் தாயி, மூடி வையி.”

“ஏம்ப்பா? இம்புட்டுதான் இருக்கு.”

“சாப்ட்ட வயிறு. தூங்கிட்டேன்னா?”